நோபின் பட்டயமும் மபுடோவின் சிங்காசனமும்

இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமைகளுள் ஒரு நாற்காலி உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அந்த நாற்காலி மரத்தாலோ தந்தத்தாலோ செய்யப்பட்டதன்று. அறுத்துச் செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கப்பட்டது. முதுகுச் சாய்வில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ஜி-3 துப்பாக்கிகள் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. கை வைக்கும் இடங்களில் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள் அமைந்துள்ளன. இருக்கையிலும் கால்களிலும் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, வடகொரியா முதலிய நாடுகளில் வார்க்கப்பட்ட ஆயுதங்களின் பகுதிகள் காணப்படுகின்றன. இதனைச் செய்தவர் கெஸ்டர் என்னும் பெயரால் அறியப்படும் மொசாம்பிக் நாட்டுச் சிற்பி கிறிஸ்டோவாவோ கன்யவாட்டோ. செய்யப்பட்ட ஆண்டு 2001. பெயர், 'ஆயுதங்களின் சிங்காசனம்'.

இப்படைப்பு பலரும் அறிந்ததே. 2010ஆம் ஆண்டில் அவ்வருங்காட்சியகமும் பி.பி.சி. வானொலியும் இணைந்து, உலக வரலாற்றை நூறு பொருள்கள் வழியாக எடுத்துரைத்தபோது, தொண்ணூற்றெட்டாவது பொருளாக இதனைத் தெரிந்துகொண்டன. அதற்கு முன்னரே இது பிரித்தானியாவின் பள்ளிகளுக்கும் சிறைச்சாலைக்கும் கொண்டுசெல்லப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட்டது. சமாதானத்தைக் குறித்துப் பேசும் கிறிஸ்தவ மேடைகளில் இதன் படத்தைக் காட்டி, ஏசாயாவின் தீர்க்கதரிசனம் நம் காலத்தில் நிறைவேறிற்று என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வளவு தூரம் சரியானது? ஆயுதத்தை ஒப்படைப்பவனுக்குத் தண்டனை இல்லை என்னும் பொது மன்னிப்பின் கனியாகப் பிறந்த இச்சிங்காசனத்தைத் திருமறையின் ஒளியில் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைப்பின் பின்னணி

மொசாம்பிக் 1975ஆம் ஆண்டு போர்த்துக்கீசிய ஆட்சியினின்று விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆட்சியிலிருந்த ஃப்ரெலிமோ இயக்கம் சோவியத் முகாமின் உதவியைப் பெற்றது. அதனை எதிர்த்த ரெனாமோ இயக்கத்தை முதலில் ரொடீசியாவின் உளவுத்துறையும், பின்னர் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் வளர்த்தன. பதினைந்து ஆண்டுப் போராலும் அதனோடு கைகோத்து வந்த பஞ்சத்தாலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. கெஸ்டரின் உறவினருள்ளும் இருவர் கால் இழந்தவர்கள். சிங்காசனத்தை வனைந்த கைகள் துப்பாக்கியின் பொருளை நூலில் படித்து அறிந்தவை அல்ல.

1980களின் இறுதியில் திருச்சபைத் தலைவர்கள் சிலர் நைரோபியில் ரெனாமோவினரைச் சந்தித்துப் பேச்சுவார்த்தைக்கு வழிதிறந்தனர். பின்னர்ச் சான் எஜிடியோ என்னும் கத்தோலிக்கக் குழுவினரின் ஊக்கத்தால், 1992 அக்டோபர் 4ஆம் நாள் உரோமாபுரியில் பொதுச் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அம்மாதத்திலேயே பொது மன்னிப்புச் சட்டமும் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணியினர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி அழிக்கப்படவில்லை. அவர்கள் கைக்கு எட்டாதவை இன்னும் பல. மண்ணுக்கடியிலும் புதர்களிலும் வீடுகளிலும் அவை மறைந்து கிடந்தன. போர் முடிந்தபின் அவை கொள்ளைக்கும் பழிவாங்குதலுக்கும் கருவியாகும் அபாயம் இருந்தது.

இந்நிலையில் 1995ஆம் ஆண்டு மொசாம்பிக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் முன்னோடி, 1976 முதல் 2014 வரை லெபொம்போ ஆங்கிலிக்கன் அத்தியட்சராக இருந்த டினிஸ் செங்குலானே. ஆயுதத்தைக் கொண்டுவருவோர் அதற்கு மாற்றாக மண்வெட்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம், கூரைத் தகடு போன்றவற்றைப் பெற்றுச் செல்வர். ஓர் ஊரார் ஒன்றுகூடி ஆயுதங்களை ஒப்படைத்து உழவு இயந்திரம் ஒன்றைப் பெற்றனர். கொண்டுவந்தவன் யார், அது எவ்வாறு அவன் கைக்கு வந்தது என்று எவரும் கேட்பதில்லை. பெறப்பட்டவை அறுக்கப்பட்டன அல்லது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. துண்டுகளுள் சில, மபுடோவிலுள்ள நூக்லியோ டி ஆர்ட்டே என்னும் கலைஞர் கூடத்திற்குச் சென்றன. அங்கே பிறந்ததே நம் சிங்காசனம்.

ஏசாயாவின் மண்வெட்டி

இத்திட்டத்திற்குப் போர்த்துக்கீசிய மொழியில் வழங்கிய பெயர், 'ஆயுதங்களை மண்வெட்டிகளாக மாற்றுதல்' என்று பொருள்படும். தமிழ் வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று கவனித்தல் நலம். ஏசாயா இரண்டாம் அதிகாரத்திலும் மீகா நான்காம் அதிகாரத்திலும் வரும் அந்த எபிரேயச் சொல்லை ஆங்கில மொழிபெயர்ப்புகள் கலப்பையின் கொழு என்று கொள்கின்றன. நம் தமிழ்த் திருமறையோ மண்வெட்டி என்று கொண்டுள்ளது. ஏர் பூட்ட மாடில்லாத ஏழையிடமும் மண்வெட்டி இருக்கும். மொசாம்பிக்கின் குடியானவர், அவருள்ளும் சிறப்பாகப் பெண்கள், கையில் ஏந்துவதும் அதுவே. நம் முன்னோரின் மொழிபெயர்ப்பு, அறியாமலே, அந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் வாசிப்போடு இசைந்து நிற்கிறது.

இச்சொல்லை அளவுகோலாகக் கொண்டு சிங்காசனத்தை நோக்குவோமாயின் ஒன்று புலப்படும். தீர்க்கதரிசியின் காட்சியில் பட்டயம் உலைக்களத்தில் தன் உருவை முற்றிலும் இழக்கிறது. மண்வெட்டியைக் கையில் எடுப்பவன் அதில் பழைய பட்டயத்தைக் காண்பதில்லை. கெஸ்டரின் படைப்பில் துப்பாக்கி உருமாறவில்லை. குழல் குழலாகவே தெரிகிறது. விசை விசையாகவே தெரிகிறது. அன்றியும் இந்நாற்காலி நிலத்தைக் கொத்தாது, பயிரை விளைவிக்காது. அதில் அமர்ந்து இளைப்பாறவும் எவராலும் இயலாது. எனவே ஏசாயாவின் வாக்கு இந்தச் சிங்காசனத்தில் நிறைவேறிற்று என்று கூறுவது பொருந்தாது. அவ்வாக்கின் முதற்கனியைக் காண விரும்புவோர், துப்பாக்கியைக் கொடுத்தவன் வீட்டுக்கு எடுத்துச் சென்ற மண்வெட்டியைத் தேடிச் செல்லவேண்டும். அது எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, தேய்ந்து போயிருக்கும்.

அவ்வாறாயின் இப்படைப்பு வீணா? இல்லை. ஏசாயாவிடம் இதன் பொருளைத் தேடியதே நம் தவறு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவின் முன் நின்றபோது அவருடைய கைகளில் காயங்கள் மறையாதிருந்ததை யோவான் இருபதாம் அதிகாரம் கூறுகிறது. மகிமையின் சரீரத்திலும் சிலுவையின் தழும்பு அழிக்கப்படவில்லை. கெஸ்டரின் சிங்காசனம் அத்தகைய தழும்பாகும். இனிக் கொல்ல முடியாது; ஆயினும் கொன்றது என்பதை மறைக்காது. முதுகுச் சாய்விலுள்ள துப்பாக்கிக் கட்டைகளின் துளைகள் இரு முகங்கள் ஒன்றையொன்று நோக்கிப் புன்னகை செய்வதுபோல் தோன்றுவதைச் சிற்பியே சுட்டிக்காட்டியிருக்கிறார். அப்புன்னகை மறதியின் புன்னகை அன்று. தழும்போடு கூடிய புன்னகை.

மறதியும் மன்னிப்பும்

இனி, இப்படைப்புக்கு அடிப்படையான ஏற்பாட்டை நோக்குவோம். 'பொது மன்னிப்பு' என்று நாம் தமிழில் வழங்குவதற்கு மேலை மொழிகளில் உள்ள சொல், மறத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. அரசு மன்னிப்பதில்லை; தன் ஏட்டில் எழுதவேண்டியதை எழுதாது விடுகிறது. தண்டிக்கும் உரிமையை அது விட்டுக்கொடுக்கலாம். ஆனால் கொல்லப்பட்டவனின் தாய்க்காக மன்னிக்கும் உரிமை எந்த அரசுக்கும் அளிக்கப்படவில்லை. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவதால், அரசு மறந்ததைக் கடவுள் மன்னித்ததாக எண்ணும் மயக்கம் நம் பிரசங்கங்களில் எளிதில் புகுந்துவிடுகிறது.

ஆயினும் அந்த மறதியை இகழ்தல் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், தடைசெய்யப்பட்ட துப்பாக்கிகளை அரசே விலைகொடுத்துப் பெற்றது. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்பட்டன. உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பவன், அதனைக் கொண்டுவந்தால் பிடிபடுவோம் என்று அஞ்சும்வரை கொண்டுவரமாட்டான். அச்சம் ஆயுதத்தை மறைக்கும். உறுதிமொழி அதனை வெளிக்கொணரும். இஃது அரசியல் அறிவு மட்டுமன்று. ஆதாம் தோட்டத்தின் மரங்களுக்குள்ளே ஒளிந்ததும், இளைய குமாரன் எழுந்து தந்தையிடம் போகத் துணிந்ததும், மனித இயல்பைக் குறித்து இதே உண்மையை நமக்குக் கற்பிக்கின்றன.

மொசாம்பிக்கின் திருச்சபை, பெயரைக் கேளாது ஆயுதத்தைப் பெற்றது. இது மலிவான அருள் அல்லவா என்று இறையியல் மாணவர் கேட்கலாம். அறிக்கையின்றி, மனந்திரும்புதலின்றி, கையில் ஒரு மிதிவண்டியும் கொடுத்து அனுப்புவது எவ்வகையில் நற்செய்தியாகும்? அண்டை நாடான தென்னாப்பிரிக்காவில், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம், செய்ததை முழுவதும் வெளிப்படுத்தியவருக்கே பொது மன்னிப்பு வழங்கியது. மொசாம்பிக்கிலோ அத்தகைய ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை.

இவ்வினாவுக்கு நான் தரும் விடை இது: ஆயுத ஒப்படைப்பு மனந்திரும்புதல் அன்று, மனந்திரும்புதலுக்கு இடம் உண்டாக்கும் செயல். துப்பாக்கி வீட்டில் இருக்கும்வரை ஒருவன் தன் அயலானை நோக்கும் நோக்கு வேறு. அது போனபின் நோக்கும் நோக்கு வேறு. கையில் உள்ளது இதயத்தை ஆள்கிறது. சகேயுவின் வீட்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அவன் பாவங்களைக் கணக்கிட்டபின் ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்குள் வந்தபின்னரே, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதில் நாலத்தனையாகத் திரும்பவும் கொடுப்பேன் என்ற தீர்மானம் அவனுள் பிறந்தது. பெயர் கேளாத வரவேற்பு முதலிலும், கணக்குத் தீர்த்தல் பின்னரும் வருகின்றன. ஆனால் பின்னர் வரவேண்டியது வராமலே போனால், முதலில் வந்தது அரைகுறையாகவே நிற்கும்.

நோபில் நடந்தது

ஆயுதத்தை வாங்கிக்கொள்வதில் திருச்சபை காட்டும் ஆர்வம், அதன்பின் அதற்கு நேர்வதைக் குறித்தும் இருக்கவேண்டும். இதற்குத் திருமறையில் ஓர் எச்சரிப்பு உண்டு. அது பெரும்பாலும் பிரசங்கிக்கப்படுவதில்லை.

ஏலா பள்ளத்தாக்கில் கோலியாத்தை வீழ்த்திய தாவீது, அவனுடைய பட்டயத்தாலேயே அவன் தலையை வெட்டினான். பல நாள்களுக்குப் பின், சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது நோபு என்னும் ஊரில் ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் வருகிறான். ஈட்டியாவது பட்டயமாவது இங்கே உண்டா என்று கேட்கிறான். அந்தப் பெலிஸ்தனின் பட்டயம் ஏபோத்துக்குப் பின்னாகத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்கிறான் ஆசாரியன். அதற்கு நிகரில்லை, அதைத் தாரும் என்கிறான் தாவீது. இது முதலாம் சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது.

பரிசுத்த ஸ்தலத்தில் பட்டயம் எதற்காக வைக்கப்பட்டது? கர்த்தர் தந்த வெற்றிக்கு நினைவாக வைத்திருப்பர். அதனை எவரும் அழிக்கவில்லை, உருக்கவில்லை. துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினர். ஆலயத்தில் இருந்தமையால் அது பரிசுத்தப் பொருளாகிவிட்டது என்று எண்ணினர் போலும். ஆனால் பட்டயம் பட்டயமாகவே இருந்தது; தேவை வந்தபோது மீண்டும் இடுப்பில் ஏறியது. அதன் விளைவை 22ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏதோமியனாகிய தோவேக்கு, ஆசாரியன் தாவீதுக்கு வழிக்கு வேண்டிய உணவையும் கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுத்தான் என்று சவுலிடம் அறிவிக்கிறான். அன்று ஏபோத்து தரித்த எண்பத்தைந்து ஆசாரியர் கொல்லப்பட்டனர். நோபின் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பட்டயக்கருக்குக்கு இரையாயினர். சவுலின் வெறிக்குச் சவுலே பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆலயத்தில் முழுமையாய்க் காக்கப்பட்ட ஆயுதம் ஆலயத்தையே அழிக்கக் காரணமாகக் காட்டப்பட்டது என்பதை மறுக்க இயலாது.

ஐக்கிய நாடுகளின் பணியினர் பெற்ற ஆயுதங்களுள் பெரும்பகுதி அழிக்கப்படாதிருந்தது நோபின் தவறே. மொசாம்பிக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கத்தின் பெருமை, அது துப்பாக்கிகளைப் பெற்றதில் மட்டும் இல்லை, அறுத்ததில் இருக்கிறது. பெயரைக் கேளாத அருளும், ஆயுதத்தை முழுதாய் விடாத அறுவையும் அங்கு ஒருங்கே செயற்பட்டன. மனிதனிடம் மென்மையும் ஆயுதத்திடம் கடுமையும் காட்டும் இந்த இணைப்பே அத்திட்டம் உலகத் திருச்சபைக்கு வழங்கிய இறையியற் பாடம். பெரும்பாலான நேரங்களில் நாம் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறோம். மனிதனைத் துருவித் துருவி ஆராய்கிறோம். ஆயுதத்தைப் பட்டயலில் எழுதிக் கிடங்கில் வைத்துப் பூட்டுகிறோம்.

கெஸ்டரின் கலை இவ்விடத்தில் தன் மதிப்பைப் பெறுகிறது. அவரது சிங்காசனமும் ஒரு நினைவுப் பொருளே. நோபின் பட்டயமும் நினைவுப் பொருளே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றை எடுத்துக்கொண்டு போருக்குப் போகலாம், மற்றதை எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதே. பொது மன்னிப்புச் சட்டம் மனிதனின் பெயரை மறந்தது. சிங்காசனம் ஆயுதத்தின் செயலை மறவாதிருக்கிறது. எதனை மறப்பது, எதனை மறவாதிருப்பது என்னும் இப்பகுப்பு நற்செய்திக்கு இசைவானது.

படைப்பின் குறைகள்

இனிக் குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை.

முதலாவது, அழகு. துப்பாக்கிக் குழலின் வளைவும் மெருகும் இப்படைப்பில் கண்ணைக் கவர்கின்றன. அதனைக் காணும் இளைஞன் ஆயுதத்தை வெறுக்கக் கற்பானா, வியக்கக் கற்பானா? சிங்காசனம் என்பது அதிகாரத்தின் சின்னம். துப்பாக்கியின்மேல் அமர்ந்து ஆளுவோர் நிறைந்த உலகில், துப்பாக்கியாலான சிங்காசனத்தை ஆட்சியின் உண்மையான படம் என்று பாராட்டுவோரும் இருக்கக்கூடும். சிற்பி எண்ணியது எள்ளல் என்றால், அந்த எள்ளல் எல்லார் கண்ணுக்கும் புலப்படும் அளவுக்கு வெளிப்படையாக இல்லை. இதே கலைஞர் கூடத்தைச் சேர்ந்த நால்வர் ஆயுதத் துண்டுகளால் செய்த 'ஜீவ விருட்சம்' என்னும் மரம் 2005ஆம் ஆண்டு அதே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. கெஸ்டரும் அந்நால்வருள் ஒருவர். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அம்மரத்தில் பறவைகளும் ஊர்வனவும் உண்டு. அங்கே ஆயுதம் வேறொன்றாக மாற முயல்வதைக் காண்கிறோம். சிங்காசனத்தில் அந்த முயற்சி பாதியில் நிற்கிறது.

இரண்டாவது, இடம். இச்சிங்காசனத்திலுள்ள துப்பாக்கிகளுள் ஒன்றேனும் ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டதன்று. வெளியிலிருந்து வந்த இரும்பு, கலையாகி மீண்டும் வெளியே போய்விட்டது. ஐரோப்பாவின் தலைநகரில் நின்று, ஆப்பிரிக்கர் ஆயுதத்தைக் கைவிட்டனர் என்று அது அறிவிக்கிறது. துப்பாக்கியை விற்ற நாடுகள் எதனை ஒப்படைத்தன? அவற்றுக்குப் பொது மன்னிப்பின் காலக்கெடு எதையும் எவரும் விதிக்கவில்லை. ஏழை தன் ஒரே துப்பாக்கியைக் கொண்டுவரும்போது, ஆலை முதலாளி தன் ஆலையை மூடுவதில்லை. நாற்காலியின் ஒவ்வொரு பகுதியும் அது பிறந்த நாட்டைச் சுட்டி நிற்பதால், இக்குற்றச்சாட்டைச் சிற்பி மௌனமாகவேனும் எழுப்பியுள்ளார் எனலாம். ஆயினும் பார்வையாளர் பாராட்டிவிட்டு அகலும்போது அம்மௌனம் எளிதில் கேளாமற் போகிறது.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரிது. இது சிற்பத்தின் குறை மட்டுமன்று. அதனைப் பிறப்பித்த திட்டத்தின் குறையும் ஆகும். துப்பாக்கி வைத்திருந்தவன் அதனைக் கொடுத்துத் தையல் இயந்திரம் பெற்றான். துப்பாக்கி இல்லாதவள் எதனைக் கொடுத்து எதனைப் பெறுவாள்? கணவனையும் மகனையும் இழந்து, எவரையும் சுடாது, எதையும் மறைத்து வைக்காது வாழ்ந்த விதவை, அந்தப் பரிமாற்றத்தில் பங்கேற்க வழியே இல்லை. அவள் குற்றமற்றவள் என்பதே அவளை வெறுங்கையோடு நிறுத்துகிறது.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தின் மூத்த குமாரன் கேட்டது இதே கேள்வி. அவனைப் பொறாமைக்காரன் என்று கூறி முடித்துவிடுவது நம் பிரசங்க வழக்கம். தந்தை அவ்வாறு கூறவில்லை. வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். தமக்குள்ளதெல்லாம் அவனுடையது என்றார். இளையவனுக்குக் கொழுத்த கன்றை அடிக்கும் தந்தை, மூத்தவனைத் தேடி வாசலுக்கு வெளியே வருபவராகவும் இருக்கிறார். ஆயுதம் ஒப்படைத்தவனுக்காக விருந்து வைக்கும் திருச்சபை, ஆயுதம் இல்லாதவளைத் தேடி வெளியே சென்றதா என்பதே அத்திட்டத்தை அளக்கவேண்டிய கோல். சிங்காசனத்தில் துப்பாக்கிகளுக்கு இடம் உண்டு. அவளுக்கு இடம் இல்லை.

கொடியிலுள்ள துப்பாக்கி

1983 முதல் மொசாம்பிக்கின் தேசியக் கொடியில் ஒரு கலாஷ்னிகோவ் துப்பாக்கியும் ஒரு மண்வெட்டியும் குறுக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன. பின்புறம் திறந்த நூல் ஒன்று உள்ளது. துப்பாக்கி நாட்டின் பாதுகாப்பையும், மண்வெட்டி உழவரையும், நூல் கல்வியையும் குறிக்கும். 2005ஆம் ஆண்டு புதிய கொடிக்கான போட்டி நடத்தப்பட்டது. துப்பாக்கியை நீக்கவேண்டும் என்று எதிர்க்கட்சியினர் வாதிட்டனர். கொடி மாறவில்லை.

கொடி கூறுவது, துப்பாக்கியும் மண்வெட்டியும். ஏசாயா கூறுவது, துப்பாக்கி மண்வெட்டியாக. தமிழ் இலக்கணத்தில் ஓர் உம்மைக்கும் ஓர் ஆக்கச் சொல்லுக்கும் உள்ள வேறுபாடே இது. உலக அரசுகள் யாவும் உம்மையில் வாழ்கின்றன. பாதுகாப்பும் வேண்டும், உழவும் வேண்டும். திருச்சபையோ ஆக்கச் சொல்லுக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டுள்ளது. விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய மக்களை நோக்கி அச்சாட்சியைக் கூறுவது எளிதன்று. போர்த்துக்கீசியர் மனமுவந்து வெளியேறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அந்தச் சாட்சியின் கடினத்தைப் பின்வந்த வரலாறும் காட்டுகிறது. 2013ஆம் ஆண்டு ரெனாமோவுக்கும் அரசுக்கும் இடையே மீண்டும் மோதல் வெடித்தது. 2019 ஆகஸ்டில்தான் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. 2023இல் ரெனாமோவின் கடைசிப் படைத்தளம் மூடப்பட்டது. இதற்கிடையே 2017 அக்டோபரில் வடக்கிலுள்ள கபோ டெல்கடோ மாகாணத்தில் வேறொரு கிளர்ச்சி தொடங்கிப் பல இலட்சம் மக்களை இடம்பெயரச் செய்தது. யோவேல் மூன்றாம் அதிகாரம், மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடிக்கும்படி மறுதலையாகக் கூறுவதை நாம் அறிவோம். கொல்லன் ஒருவனே, உலை ஒன்றே. எத்திசையில் அடிக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

ஆகவே செங்குலானேயின் திட்டம் தோற்றது என்று முடிவுகட்டலாமா? அறுக்கப்பட்ட துப்பாக்கி எதுவும் இப்போர்களில் சுடவில்லை. இந்தச் சிறிய உண்மை போதுமானது. சமாதானத்தின் பணி, இனிப் போரே இராது என்று உறுதி கூறுவதில் இல்லை. இந்த ஆயுதம் இனிக் கொல்லாது என்று உறுதிசெய்வதில் இருக்கிறது.

கிருபாசனம்

நம் தமிழ்த் திருமறையில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியும், எபிரெயர் நிருபம் நான்காம் அதிகாரத்தில் நாம் துணிவோடு சேரவேண்டிய இடமும், கிருபாசனம் என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. யாத்திராகமத்தின் கிருபாசனத்தின்மேல் உருவம் எதுவும் அமர்ந்ததில்லை. அதன் கீழே இருந்தவை, மக்கள் மீறிய கற்பனைகளின் பலகைகள். மீறுதலின் சான்று உள்ளே இருக்க, அதன்மேல் கிருபை தங்கியது. சான்றை அகற்றிவிட்டுக் கிருபை வரவில்லை.

கெஸ்டரின் சிங்காசனமும் வெறுமையாக இருக்கிறது. அதில் எவரும் அமரவில்லை, அமரவும் கூடாது. கொலையின் சான்றுகளாலேயே செய்யப்பட்ட அந்த வெறுமையான இருக்கையைக் கிருபாசனத்தின் மங்கிய நிழல் என்று கொள்வோமாயின், அதன் குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நிழலை நிஜமென்று பிரசங்கிக்க வேண்டாம்.

ஆயர்களாகவும் ஆயர்களாகப் பயிற்சி பெறுவோராகவும் உள்ள நமக்கு இது விடுக்கும் அழைப்பு தெளிவானது. நம் சபைகளில் துப்பாக்கி இல்லாதிருக்கலாம். பழைய வழக்குகள், தேர்தல் பகைகள், சாதிச் சண்டையில் ஒளித்துவைத்த அரிவாள்கள், பதவியைக் காக்கச் சேர்த்துவைத்த கடிதக் கட்டுகள் ஆகியவை துணியில் சுற்றப்பட்டு, ஏபோத்துக்குப் பின்னால், நம் ஆலயங்களிலேயே பத்திரமாக இருக்கின்றன. ஒப்புரவு ஆராதனை நடத்துகிறோம், கைகுலுக்குகிறோம், அடுத்த தேர்தலில் அவற்றை அவிழ்த்து எடுக்கிறோம். கொண்டுவருபவனின் பெயரைக் கேளாது வாங்கிக்கொள்ளும் பரிவும், வாங்கியதை அன்றே அறுத்துவிடும் துணிவும், எதையும் கொண்டுவர இயலாமல் வாசலுக்கு வெளியே நிற்கும் விதவையைத் தேடிச் செல்லும் நீதியும் நமக்கு ஒருசேர வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோபின் கதை நம் நடுவில் மீண்டும் எழுதப்படும்.